முசாஷி வேண்டுமென்றேதான் தாமதமாகப் போனானா? வீரனா, தந்திரக்காரனா?

மொட்டைமாடி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஜப்பானிய வாள்வீரன் மியாமோட்டோ முசாஷி பற்றி ஒரு சந்தேகம். சந்தேகம் என்பதைவிட வீட்டுச் சண்டை என்று சொல்வதுதான் சரி.

முதலில் அவனைப் பற்றிய வாகபாண்ட் என்ற மாங்காதான் (ஜப்பானியப் படக்கதை) படித்தேன். அது 2015இல் பாதியில் நின்றதும் முடிவு தெரியாமல் மண்டை காய்ந்தது. கடைசியில் எய்ஜி யோஷிகாவாவின் நாவலை ஆங்கிலத்தில் வாங்கி மூன்று மாதமாகப் படித்து, போன வாரம்தான் முடித்தேன். தலையணை சைஸ். கடைசிக் காட்சி பலருக்கும் தெரிந்ததுதான். தீவில் எதிராளி வாள்வீரன் சசாகி கோஜிரோ காத்திருக்கிறான், சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. முசாஷி ஆடி அசைந்து படகில் வருகிறான், வரும் வழியில் ஒரு பழைய துடுப்பைச் செதுக்கி மரவாளாக்கிக்கொள்கிறான். கரையில் இறங்கி ஒரே அடி, கதை முடிந்தது.

எனக்குப் புல்லரித்தது. அண்ணனிடம் சொன்னால், "காக்கவைத்துக் கடுப்பேற்றி அடிப்பதில் என்ன வீரம்? வாலியை மறைந்திருந்து கொன்றதற்கே நாம் இத்தனை காலமாகப் பட்டிமன்றம் நடத்துகிறோம், இவனை மட்டும் சும்மா விட்டுவிடுவாயா?" என்கிறார். அதற்கு முன்னால் வரும் இச்சிஜோஜி சண்டையைச் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. அங்கே யோஷியோகா வாள்பள்ளியின் பெரும் கூட்டம் இவன் ஒருவனுக்காகக் காத்திருக்கிறது. இவன் பின்பக்கமாக வந்து முதலில் வெட்டுவது, பெயருக்குத் தலைவனாக நிறுத்தி வைத்திருந்த ஒரு சின்னப் பையனை. அதைப் படித்தபோது எனக்கே புத்தகத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

இதில் எவ்வளவு நிஜமாக நடந்தது? வாள் பிடித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், இதெல்லாம் உங்கள் கண்ணில் ஏமாற்று வேலையா, இல்லை இதுவும் வித்தையில் சேர்த்தியா?

கடைசி பெஞ்ச்:

நேரத்துக்கு வந்தவன் செத்தான், லேட்டாக வந்தவன் பிழைத்தான். இதில் பேச என்ன இருக்கிறது. உங்கள் அண்ணன் ஆபீசுக்கு ஒன்பது மணிக்கு டாண் என்று போய் உட்காருகிறவர் போல.

நீர்க்காகம்:

மேலே இருக்கும் நண்பருக்குச் சிரிப்பு. ஆனால் அந்தத் தாமதமே சந்தேகத்துக்குரியது.

முசாஷி இறந்தது 1645. ஒன்பது வருஷம் கழித்து, 1654இல், அவருடைய வளர்ப்பு மகன் இயோரி கொகுராவில் ஒரு நினைவுக் கல் நட்டார். நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் முக்கியமானது அதுதான். அந்தக் கல்வெட்டில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சந்தித்ததாக இருக்கிறது. எதிராளி கையில் மூன்று ஷாகு (ஏறக்குறைய மூன்று அடி) நீள நிஜ வாள், இவர் கையில் மரவாள், மின்னல் வேகத்தில் ஒரே அடி. இவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மகன் நட்ட கல் அப்பாவைக் குறை சொல்லாது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் தாமதம் ஒரு பெருமையான தந்திரமாக அன்றைக்கே பேசப்பட்டிருந்தால் மகன் அதையும் சேர்த்துத்தான் வெட்டியிருப்பான் என்பது என் எண்ணம்.

நாம் சினிமாவிலும் நாவலிலும் பார்க்கும் காட்சி பெரும்பாலும் நிதென்கி என்ற நூலிலிருந்து வருவது. முசாஷியின் வழிவந்த பள்ளிக்காரர்கள் 1776இல் தொகுத்தது, அதாவது அவர் செத்து 130 வருஷத்துக்கும் மேலே ஆன பிறகு. தாமதமாக வருவது, துடுப்பு, கோஜிரோ கோபத்தில் வாளுறையைத் தண்ணீரில் வீசுவது, "ஜெயிக்கப் போகிறவன் உறையை ஏன் எறிகிறான், நீ தோற்றாய்" என்று முசாஷி சொல்வது, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல வசனம். நல்லதாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைவு.

இன்னொரு நூலும் உண்டு, உங்கள் அண்ணனுக்கு அல்வா மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் மோஜி கோட்டையைப் பார்த்துக்கொண்ட நுமாதா குடும்பத்தின் குறிப்புகளை 1672இல் தொகுத்தார்கள். அதன்படி இரண்டு பேரும் சீடர்களைக் கூட்டி வரக்கூடாது என்று பேச்சு. கோஜிரோ வாக்கைக் காப்பாற்றித் தனியாக வந்தார். முசாஷியின் சீடர்கள் தீவில் ஒளிந்திருந்தார்கள். முசாஷி அடித்ததில் விழுந்த கோஜிரோ திரும்ப மூச்சுவிட, அந்தச் சீடர்கள் வந்து அடித்தே கொன்றார்கள். விஷயம் தெரிந்து கோஜிரோவின் ஆட்கள் பழிவாங்கக் கிளம்ப, முசாஷி மோஜி கோட்டைக்கு ஓடித் தஞ்சம் கேட்டார். அங்கிருந்து துப்பாக்கிக் காவலோடு அவரை பத்திரமாக ஊர் சேர்த்தார்கள். இது எந்தப் படத்திலும் வராது.

கோஜிரோ யார் என்பதிலேயே குழப்பம்தான். நிதென்கியில் அவருக்கு 18 வயது. தோதா செய்கென் என்ற ஆசானிடம் நேரடியாகப் படித்தவர் என்று வைத்துக்கொண்டால் தலை நரைத்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். 'சசாகி' என்ற குடும்பப் பெயரே நாடகங்கள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது, கொகுரா கல்லில் 'கன்ர்யூ' என்றுதான் இருக்கிறது. கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகங்களில் முசாஷி அப்பாவின் கொலைக்குப் பழிவாங்கும் மகன், கோஜிரோ அந்தக் கொலைகார வில்லன். ஓவியர் குனியோஷி ஒரு படி மேலே போய் முசாஷியைத் திமிங்கிலத்தின் முதுகில் ஏற்றிக் குத்தவிட்டார். அந்த அளவுக்குப் போன பிறகுதான் நாவல் வருகிறது.

இச்சிஜோஜியும் இப்படித்தான். கொகுரா கல் முசாஷி யோஷியோகா கூட்டத்தையே விரட்டியதாகச் சொல்கிறது. யோஷியோகா தரப்பு எழுதி வைத்த நூலிலோ முசாஷி நெற்றியில் அடிவாங்கி ரத்தம் கொட்ட நின்றார், அடுத்த சண்டைக்கு வரவே இல்லை. இரண்டு கட்சிப் பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாதிரி.

மூங்கில்வாள்:

வேலை நிமித்தமாகக் கியூஷூவில் நாலு வருஷம் இருந்தேன், அப்போது கெண்டோ, அதாவது மூங்கில் வாளால் ஆடும் ஜப்பானிய வாள்பயிற்சி, பழகினேன். பெரிய ஆள் இல்லை, முதல் டான் என்ற தகுதிநிலையோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் இதைப் பயிற்சிக்கூடத்தில் அடிவாங்கியவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பு விஷயம் எனக்குத் திமிராகத் தெரியவில்லை, கணக்காகத்தான் தெரிகிறது. சாதாரண சாமுராய் வாளின் அலகு 70 செ.மீ. அளவில் இருக்கும். கோஜிரோவினுடையது மூன்று ஷாகு, அதாவது 90 செ.மீ.க்கு மேல். துணி காயப்போடும் கழி என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. கெண்டோவில் 'மா-ஐ' என்று ஒரு வார்த்தை தினமும் காதில் விழும், இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் வாள் என்னுடையதைவிட ஒரு சாண் நீளம் என்றால் நான் எட்டாத இடத்தில் நின்றபடியே அவன் என்னை எட்டுவான், அது உடம்பில் பட்டால்தான் புரியும். இப்போது நாலு அடிக்கும் சற்று நீளமான ஒரு மரவாளைக் கையில் பிடியுங்கள். கைப்பிடியையும் சேர்த்து அளந்தால் கோஜிரோவின் வாளுக்குச் சமம் அல்லது ஒரு விரற்கடை கூடுதல். அவனுடைய ஒரே சாதகம் அங்கேயே போயிற்று. அதோடு, வாள் கீறினால் மனிதன் தொடர்ந்து சண்டை போடலாம், கனத்த மரம் மண்டையில் இறங்கினால் முடியாது. இதை நான் தலைக்கவசத்தோடு மூங்கிலால் வாங்கியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. இரண்டு வாள் என்றதும் எல்லோருக்கும் முசாஷி ஞாபகம்தான் வரும், ஆனால் பேர்போன அந்தச் சண்டையில் அவர் கையில் இருந்தது ஒன்றுதான். கெண்டோவில் இன்றைக்கும் இருவாள் ஆட்டம் அனுமதி உண்டு, பள்ளிப் பையன்களுக்கு மட்டும் கிடையாது. ஆடுபவர்கள் அபூர்வம். எங்கள் கூடத்துக்கு ஒரு நாள் விருந்தாளியாக அப்படி ஒரு பெரியவர் வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவர் முன்னால் நீட்டிய சின்ன வாளையே வெறித்துக்கொண்டு நின்றேன், பெரிய வாள் எப்போது வந்தது என்று தெரியாமல் தலையில் வாங்கினேன். மூன்று தடவை, மூன்றும் அதே இடத்தில். முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, கத்தியைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றார். அதே விஷயத்தை முசாஷியும் தன் நூலில் சொல்லியிருக்கிறார் என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: பார்வையில் இரண்டு வகை, கண்ணால் பார்ப்பதைக் குறைத்து உள்ளே உணர்ந்து பார்ப்பதைக் கூட்ட வேண்டும் என்று.

தீவுக்கும் போயிருக்கிறேன். ஷிமோனோசெகியின் கராடோ படகுத்துறையிலிருந்து பத்து நிமிஷம்தான். இரண்டு பேருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள், கோஜிரோ நீட்டு வாளை ஓங்கியபடி, முசாஷி துடுப்போடு பாய்ந்தபடி. மற்றபடி புல், காற்று, தூரத்தில் கப்பல்கள். 1987இல் இந்தத் தீவில் ஆள் அரவமே இல்லாமல் அன்டோனியோ இனோகியும் மசா சைட்டோவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்யுத்தம் போட்டார்கள், அந்தக் கூத்து தனிக் கதை.

அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த ஜலசந்தியில் நீரோட்டம் ஒரு நாளில் நாலு முறை திசை மாறுகிறது, பெரிய கப்பல்களையே திணறடிக்கும் வேகம். கையால் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிற ஒரு படகுக்காரன் ஓட்டம் திரும்பும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். வந்த வேலை முடிந்ததும் அதே ஓட்டத்தோடு தப்பித்தும் போகலாம். இது வெறும் ஊகம்தான், நீர்க்காகம் சொல்கிற கல்வெட்டோடு பொருந்தவும் பொருந்தாது. ஆனாலும் தாமதம் நிஜமென்றால் அதில் பாதி கடலின் வேலை என்பேன்.

ஏமாற்றா வித்தையா என்று கேட்டீர்கள். கெண்டோ மைதானத்தில் அது அசிங்கம், என் ஆசான் என்னை வெளியே அனுப்பிவிடுவார். ஆனால் கெண்டோவில் தோற்றால் நான் குனிந்து வணங்கிவிட்டு ராமென் சாப்பிடப் போவேன். அவர்கள் போனது அப்படிப்பட்ட இடத்துக்கு இல்லையே.

மொட்டைமாடி வாசகன்:

நுமாதா குறிப்பை அண்ணனிடம் சொல்லியிருக்கவே கூடாது. நேற்று இரவு முழுக்க "துப்பாக்கிக் காவலோடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சரி, ஒன்று புரியவில்லை. இத்தனை கதைகள் இருக்கும்போது யோஷிகாவா ஏன் அந்தச் சிறுவனைக் கொல்லும் காட்சியை நாவலில் விட்டுவைத்தார்? நாயகனைத் தூக்கிப்பிடிக்கத்தானே எழுதினார், அதை நைசாக மாற்றியிருக்கலாமே.

தாழம்பூ:

நீங்களும் உங்கள் அண்ணனும் போடும் இந்தச் சண்டைதான் அந்த நாவலுக்கே காரணம் என்றால் நம்புவீர்களா.

1932 வாக்கில் ஜப்பானிய எழுத்தாளர்களுக்குள் முசாஷி நிஜமாகவே பெரிய வாள்வீரனா என்று ஒரு சர்ச்சை வெடித்தது. நவோகி சான்ஜூகோ, அவ்வளவெல்லாம் ஒன்றும் இல்லை, ஊதிப் பெருக்கிய பெயர் என்றார். கிகுச்சி கான் எதிர்க்கட்சி. யோஷிகாவா கிகுச்சியின் பக்கம் சாய, நவோகி அவரையும் வம்புக்கு இழுத்தார். யோஷிகாவா உடனே பதில் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து, 1935இல் அசாஹி ஷிம்புன் நாளிதழில் தொடர்கதையாக ஆரம்பித்து 1939 வரை எழுதினார், அதுதான் பதில். பாவம், அதைப் படிக்க நவோகி இல்லை, 1934இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரில்தான் கிகுச்சி கான் நவோகி பரிசை ஏற்படுத்தினார். சண்டை போட்ட நண்பன் பெயரில் பரிசு! நம் இலக்கிய உலகில் இப்படி ஒன்று நடந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

தினசரித் தொடர் என்பதை மனதில் வைத்துப் படித்தால் நாவலின் பல விஷயம் புரியும். ஒட்சு, மதஹாச்சி இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். தகுவான் துறவி நிஜ மனிதர், ஆனால் முசாஷியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டது கதை. நம் கல்கி, கல்வெட்டில் ஒரு பெயராக இருந்த வந்தியத்தேவனை எடுத்துக் குதிரையில் ஏற்றி நாலு வருஷம் வாராவாரம் ஓட்டினாரே, அதே வேலை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வந்தியத்தேவன் முதல் பக்கத்தில் எப்படியோ கடைசியிலும் ஏறக்குறைய அப்படியேதான், துடுக்கும் வாயும் அவன் சொத்து, நாம் அவனை மாறவிடவும் மாட்டோம். யோஷிகாவாவின் முசாஷி மிருகமாகத் தொடங்கி மனிதனாக வேண்டியவன். அதனால்தான் அந்தச் சிறுவன் சாக வேண்டியிருக்கிறது. வாளில் ஜெயித்துக்கொண்டே போகிறவன் உள்ளே எவ்வளவு தோற்றிருக்கிறான் என்று காட்ட அவருக்கு ஒரு கறை தேவைப்பட்டது. அதை நைசாக மாற்றியிருந்தால் நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு நாவல்மேல் இருக்கும் குறை வேறு. கோஜிரோ விழுந்ததும் நாவல் முடிந்துவிடுகிறது. அந்தச் சண்டை 1612 என்கிறார்கள், அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அதற்குப் பிறகு 33 வருஷம் அந்த மனிதர் வாழ்ந்தார், எந்தக் கதாசிரியரும் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஷிமாபரா கலகத்தை அடக்கப் போன படையில் ஐம்பது தாண்டிய முசாஷியும் இருந்தார், அங்கே கோட்டைமேல் இருந்த குடியானவர்கள் உருட்டிவிட்ட கல் பட்டுக் காலில் அடி. அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் தோற்காதவனுக்கு ஏர் பிடிக்கிற ஆள் எறிந்த கல்! நான் நாவலாசிரியையாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதல் அத்தியாயத்தை ஆரம்பிப்பேன். அப்புறம் குமமோட்டோவில் ஹொசொகாவா பிரபுவின் விருந்தாளி, காய்ந்த கொப்பில் உட்கார்ந்த ஒரு கீச்சான் குருவியை மையால் வரைந்த ஓவியர், ரெய்கன்தோ குகையில் உட்கார்ந்து 'ஐந்து வளைய நூல்' என்ற வாள்வித்தை நூலை எழுதிய நோயாளிக் கிழவர்.

அந்த நூலின் முன்னுரையை உங்கள் அண்ணனுக்குக் காட்டுங்கள். 13 வயதில் முதல் சண்டை, 28, 29 வயதுவரை அறுபதுக்கு மேல், ஒன்றிலும் தோல்வியில்லை என்று வரிசையாகச் சொல்கிறார். அதில் கோஜிரோ பெயரே இல்லை. உடனே அடுத்த வரியில், முப்பது தாண்டி யோசித்தபோது, நான் ஜெயித்தது வித்தையின் உச்சம் தொட்டதால் இல்லை என்று தெரிந்தது என்கிறார். இயல்பான திறமையாக இருக்கலாம், விதியாக இருக்கலாம், எதிரில் நின்றவர்களின் வித்தை குறைவாக இருந்திருக்கலாம் என்கிறார். எந்த வாள்வீரக் கதாநாயகனுக்கும் இந்த வசனத்தை எழுதிக் கொடுக்க நம்மவர்களுக்கு மனசு வராது.

கடைசி பெஞ்ச்:

அக்கா, அந்தப் புத்தகத்தை மேனேஜ்மென்ட் புத்தகம் என்று சொல்லி எனக்கு ஒரு ட்ரெயினிங்கில் கொடுத்தார்கள். 'எதிரியைக் கோபப்படுத்து' என்று இருந்ததை மட்டும் எங்கள் மேனேஜர் நன்றாகப் படித்திருந்தார்.

நீர்க்காகம்:

அது அந்த நூலின் ஒரு பகுதியான நெருப்புச் சுருளில் வருகிறது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எதிராளியைக் காலிடறும் இடத்துக்குத் தள்ளு, அவன் மனதைக் கலக்கு என்று பச்சையாகவே எழுதியிருக்கிறார். ஆக, தாமதக் கதை பின்னால் வந்ததாகவே இருந்தாலும் அதைக் கட்டியவர்கள் அவர் நூலைப் படித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். காற்றுச் சுருள் என்ற இன்னொரு பகுதியில் நீள வாளை நம்பும் பள்ளிகளை ஒரு பிடி பிடிக்கிறார், பெயர் சொல்லவில்லை. தாழம்பூ சொன்ன முன்னுரையோடு அதையும் சேர்த்துப் படியுங்கள். தீவைப் பற்றி அவர் சொல்லாமல் சொன்னது அது ஒன்றுதானோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

இடுப்பில் இரண்டு ஆயுதம் இருக்க, ஒன்றை உருவாமலே சாவது வீண் என்றும் சொல்கிறார். இருவாள் வித்தைக்கு அவர் கொடுக்கும் காரணமே அதுதான். உங்கள் கேள்விக்கு அவருடைய பதிலும் அதுவாகத்தான் இருக்கும்: இருந்த எல்லாவற்றையும் பயன்படுத்தினேன், வெயிலையும் கடலையும் அவன் கோபத்தையும் சேர்த்து.

மொட்டைமாடி வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. முன்னுரையை அண்ணனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த ஆளை எனக்குப் பிடிக்கிறது, நீ படித்த நாவல்காரனின் ஆளைத்தான் பிடிக்கவில்லை" என்றார். இப்போது என் பிரதியை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார், இருநூறாவது பக்கத்தில் இருக்கிறார். இச்சிஜோஜி வருவதற்கு இன்னும் நாளாகும். அதுவரை வீட்டில் நிம்மதி.

மூங்கில்வாள், அந்தத் தீவுக்குப் படகு தினமும் உண்டா?